சுழல்தட்டின் அடியில் ஒரு காந்தம்

அத்தியாயம் 19

செல்வரட்ணத்தின் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்து அந்தப் புதன்கிழமையோடு இருபத்தாறு நாள். இந்த இருபத்தாறு நாளில் அவருடைய மனைவி தவமலர் ஒருநாளாவது நிம்மதியாக நித்திரை கொண்டாளா என்று கேட்டால், இல்லை. அவர் குறட்டை விட்டால் பயம். விடாவிட்டால் அதைவிடப் பெரிய பயம்.

மெஷின் வைத்தால் மயக்கம் நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நிற்கவில்லை. இரண்டு தடவை, பழைய ரெக்கோட் பிளேயர் திருத்தும் தன்னுடைய வேலை அறைக்குள் தலை சுற்றி, கதிரையைப் பிடித்துக்கொண்டு தப்பினார். மூன்றாவது தடவை, போன வெள்ளிக்கிழமை, முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே அடியற்ற மரம்போல விழுந்தார். அன்றைக்குத் தவமலர் போட்ட சத்தத்தில் பருத்தித்துறையில் அந்த ஒழுங்கையே திரண்டு வந்ததைப் போன வாரம் பார்த்தோம்.

திங்கட்கிழமை கிளினிக்கில் கணினியை வைத்துச் சோதித்தார்கள். மெஷினில் ஒரு குறையும் தெரியவில்லை.

"இதயத்துக்குள்ளை போற வயர் கொஞ்சம் அசைஞ்சிருக்கலாம். சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. வியாழக்கிழமை வந்து நில்லுங்கோ, திறந்து பார்ப்பம்" என்றார் டொக்டர்.

வியாழக்கிழமை என்றால் நாளைக்கு.

காலையில் இருந்தே தவமலர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பையை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள். இரண்டு சாரம், ஒரு போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல். எல்லாம் வைத்து முடித்து, என்ன வைத்தேன் என்று மறந்து, திரும்பவும் வெளியே எடுத்தாள். செல்வரட்ணம் எட்டு மணிக்கே சலூனுக்கு என்று புறப்பட்டுப் போய்விட்டார். "வெட்டிக் கொத்தப் போற ஆக்களுக்கு முன்னாலை தாடியோடை போய்க் கிடக்கேலாது" என்று பகிடி விட்டுவிட்டுத்தான் போனார். அவள் சிரிக்கவில்லை.

மகள் நிவேதனா கரவெட்டிப் பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். மெஷினின் இலக்கம் வேண்டும். அதற்காக, மெஷினோடு கொடுத்துவிட்ட ஆங்கிலப் புத்தகத்தைத் தேடினாள். அது சாமி அறையில் இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாளே தவமலர் அதற்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள். பொட்டு வைத்தார்களே தவிர, அந்த வீட்டில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை.

நிவேதனா இலக்கத்தை எழுதிவிட்டுச் சும்மா பக்கங்களைப் புரட்டினாள்.

"அம்மா, இதிலை காந்தத்தைப் பற்றிப் போட்டிருக்குது."

"என்ன காந்தம்?"

"பெரிய காந்தம் உள்ள சாமான்களை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டு போகக் கூடாதாம். ஒரு முழமாவது தள்ளி வைக்கவேணுமாம். கிட்டப் போனால் மெஷின் இதயத்தைக் கவனிக்கிறதை விட்டிட்டுத் தன்ரை பாட்டுக்கு ஒரே வேகத்திலை அடிக்குமாம். தலைச்சுத்து வரலாமாம். ஸ்பீக்கர், மோட்டர் எண்டு ஒரு பட்டியலே கிடக்குது."

தவமலரின் கையில் இருந்த சாரம் நிலத்தில் விழுந்தது.

செல்வரட்ணம் திருத்துகிற ரெக்கோட் பிளேயர்கள் சாதாரணமானவை இல்லை. அந்தக் காலத்தில் கப்பலுக்குப் போன வடமராட்சி ஆட்கள் ஜப்பானில் வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்தவை. நூறு வோல்ற்றில் ஓடுபவை. அவற்றுக்குள் தட்டைச் சுற்ற ரப்பர் வார் கிடையாது. மோட்டரே தட்டை நேராகச் சுற்றும். சொல்லப்போனால் தட்டே மோட்டரின் பாதி. ரெக்கோட்டை வைக்கும் அந்தக் கனத்த சுழல்தட்டைத் தூக்கிப் புரட்டினால், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு காந்தம் இருக்கும்.

தவமலருக்கு அதை ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. முப்பது வருடமாக அவளுடைய குண்டூசி, கொண்டை ஊசி, தையல் பெட்டியின் சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் காணாமல் போனால், முதலில் போய்ப் பார்க்கும் இடம் அதன் அடிதான். ஒட்டிக்கொண்டு இருக்கும்.

அந்தத் தட்டை அவர் எப்படித் தூக்குவார் என்பதும் அவளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்குவார். அப்படியே அணைத்துக்கொண்டு, ஒரு பழைய பெனியன் துணியால் ஓரத்தில் வேகம் பார்க்கும் புள்ளிகளைப் பத்து நிமிடம் துடைப்பார்.

"ஐயோ, பிள்ளை" என்றாள் தவமலர்.

நிவேதனாவுக்கும் விளங்கிவிட்டது. புத்தகத்தைத் திரும்பவும் பார்த்தாள். "ஏனம்மா இதை டொக்டர் சொல்லேல்லை? ஆற்றை நெஞ்சுக்கு மெஷின் வைச்சாலும் என்ன தொழில் எண்டு கேட்டிருப்பினமே?"

கேட்டார்கள். கேட்காமல் என்ன?

வார்டில் பெயர் எழுதும்போது தாதி மிஸ்ஸி கேட்டாள், "ஐயா என்ன வேலை செய்யிறவர்?" செல்வரட்ணம் வாயைத் திறக்க முன்னரே தவமலர் பதில் சொல்லிவிட்டாள். "பென்ஷனியர். கல்விக் கந்தோரிலை பிரதம லிகிதராய் இருந்தவர்." மிஸ்ஸி எழுதிக்கொண்டாள். வீட்டில் இருப்பவரிடம் காந்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல அவர்களுக்கு என்ன தேவை? போனை நெஞ்சுப் பொக்கற்றில் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் பென்ஷன் எடுத்துப் பன்னிரண்டு வருடம். அதற்குப் பிறகு காலை எட்டு மணியில் இருந்து பின்னேரம் வரை செய்துவந்தது முழுக்க இந்த வேலைதான். ஆனால் நாலு பேர் கேட்கும் இடத்தில், என் மனுசன் பழைய பெட்டி திருத்துகிறவர் என்று அவள் எப்படிச் சொல்வாள்? கல்யாணம் பேசினாலும் கத்தி வைத்தாலும் நாங்கள் முதலில் எடுத்து நீட்டுவது அரசாங்க உத்தியோகத்தைத்தானே. அவளும் நீட்டினாள்.

"நான்தான் பிள்ளை" என்றாள் தவமலர். "நான்தான் சொல்லேல்லை."

"அதை விடுங்கோ இப்ப. அப்பாவுக்கு உடனை சொல்லவேணும்." நிவேதனா போனை எடுத்தாள். அவருடைய போன் நிற்பாட்டி இருந்தது. இன்னொரு தடவை அடித்தாள். அதே பதில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் போனை நிற்பாட்டுவது எப்போது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரெக்கோட் ஓடும்போது பக்கத்தில் போன் இருந்தால் ஸ்பீக்கரில் கர்ரென்று இரைச்சல் வரும். அதனால் வேலைக்குக் குந்தினால் போனை நிற்பாட்டிவிடுவார்.

தவமலர் வேலை அறைக்கு ஓடினாள். மேசைக்குக் கீழே இருக்கும் திருத்து வேலை ஆயுதப் பையைக் காணவில்லை. ஈயம் பற்றவைக்கும் கோலும் இல்லை. மேசையில் கிடந்த கொப்பியில் அவருடைய மணிமணியான எழுத்தில் இருந்தது: ஜெயதீபன், கரவெட்டி. இங்கே நல்லாய் ஓடுது. அங்கே கொண்டுபோனால் வேகம் தறிகெட்டுப் பாயுது. போய்ப் பார்க்கவேணும். லண்டனில் இருந்து வந்து நிற்கிற ஜெயதீபன் தன் பாட்டுப்பெட்டியைத் திருத்தக் கொண்டுவந்ததை அவள் கண்டிருந்தாள்.

"சலூனாம் சலூன்!" என்றாள் தவமலர். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நாளைக்கு நெஞ்சைத் திறக்கப் போற மனுசன். இடக்கையை உயர்த்தக் கூடாது எண்டு சொல்லி விட்டவை. கள்ளப் பிள்ளை மாதிரி ஓடிப் போயிட்டார்."

நிவேதனா ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள்.

கரவெட்டி என்ன பெரிய தூரமா? கால் மணித்தியாலம். ஆனால் தவமலருக்கு அந்த வீதி இழுத்துக்கொண்டே போனது. அவர் தட்டைத் தூக்குவதும் நெஞ்சோடு அணைப்பதும், தூக்குவதும் அணைப்பதுமாக ஒரே காட்சி கண்ணுக்குள் ஓடியது. இந்த நிமிடம் தூக்கியிருப்பாரோ? அங்கே அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களா? விழுந்தால் சோடா கொடுத்து விசிறிக்கொண்டு நிற்பார்களே தவிர, தட்டை எடுத்துத் தள்ளி வை என்று சொல்ல யாருக்குத் தெரியும்?

மந்திகைக்குக் கிட்டப் போகும்போது எதிரே ஒரு அம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. அது நெல்லியடி, கரவெட்டிப் பக்கம் இருந்து வந்தது. அவர்களைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியது.

"நிப்பாட்டு! பிள்ளை, நிப்பாட்டு!"

"அம்மா, ஆட்டாதேங்கோ, விழப் போறம்."

"அதுக்குள்ளை அப்பாதான். எனக்குத் தெரியும்."

"அப்பாவுக்கு ஏதும் எண்டால் எங்களுக்குப் போன் வந்திருக்கும்."

"ஆற்றை போனிலையிருந்து வரும்? அவற்றை போன் நிப்பாட்டிக் கிடக்குது. என்ரை நம்பரை அவர் பாடமாக்கி வைச்சிருக்கிறாரோ? முப்பத்தாறு வருசமாய் அவருக்கு என்ரை பிறந்தநாளே பாடமில்லை."

நிவேதனா ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள். தாய் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது. அம்மாவை இறக்கி நிற்கவைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினாள். இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஒரு அக்கா, அம்மா. பிள்ளைப்பேறு."

தவமலர் அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக ஒரு கும்பிடு போட்டாள். தன் புருசன் இல்லை என்ற சந்தோசத்தில் போட்ட கும்பிடு என்று உடனே உறைத்து, வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள்.

கரவெட்டிச் சந்தியில் இருந்த சீவரத்தினத்தின் கடையில் விசாரித்தார்கள். ஜெயதீபன் என்றதும் கடைக்காரருக்குத் தெரியவில்லை. லண்டனில் இருந்து வந்து வீடு திருத்துகிறவர் என்றதும், "ஓ, உந்தப் பாட்டுப்பெட்டிக்காரத் தம்பியோ? உதாலை போய் ரெண்டாவது கேற். சின்ராசா ஓட்டோவிலை ஒரு ஐயாவும் வந்து இறங்கினவர்" என்று கையைக் காட்டினார்.

கேற் திறந்து கிடந்தது. உள்ளே சத்தமே இல்லை. தவமலர் செருப்பைக் கழற்றவும் மறந்து, தெரியாத வீட்டின் விறாந்தையில் ஏறி, "இஞ்சை பாருங்கோ!" என்று கத்தினாள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அப்போதும் வாய் வரவில்லை.

முன் அறையின் யன்னலோரத்தில் செல்வரட்ணம் நின்றிருந்தார். முழுதாக, உயிரோடு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி விட்டபடி நின்றிருந்தார். கையில் சுழல்தட்டு இருந்தது.

"கீழை வையுங்கோ! அதைக் கீழை வையுங்கோ!"

பக்கத்தில் நின்ற ஜெயதீபன் வெலவெலத்துப் போனான். நாற்பத்தைந்து வயது மனிதன். லண்டனில் எத்தனையோ பார்த்திருப்பான், இப்படிச் செருப்போடு வந்து கத்தும் அன்ரியைப் பார்த்திருக்க மாட்டான். செல்வரட்ணம் மெதுவாகக் குனிந்து தட்டை மேசையில் வைத்தார்.

அப்போதுதான் தவமலர் ஒன்றைக் கவனித்தாள். அவர் தட்டை நெஞ்சோடு அணைத்திருக்கவில்லை. அடுப்பில் இருந்து சுடுபானையை இறக்குவதுபோல, முழங்கையை மடக்காமல், கையை நீட்டித் தள்ளிப் பிடித்திருந்தார். முப்பது வருடத்தில் அவர் அப்படித் தூக்கி அவள் பார்த்ததே இல்லை.

"அப்பா, காந்தம்!" நிவேதனா புத்தகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். "உங்கடை மெஷினுக்குக் காந்தம் ஆகாதாம். தலைச்சுத்து வருமாம். வயரும் இல்லை, ஒண்டும் இல்லை அப்பா. உந்தத் தட்டுத்தான்! வேலை அறைக்குள்ளை ரெண்டு தரம் வந்தது. வெள்ளிக்கிழமையும் வேலை அறைக்குள்ளை இருந்து வெளியிலை வந்த கையோடைதானே விழுந்தனீங்கள்? உந்த வேலையை விட்டால் சரி. நாளைக்கு வெட்டவே தேவையில்லை!"

வெட்டத் தேவையில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் தவமலர் அங்கே கிடந்த கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். வழி நெடுகப் பயத்திலேயே வந்தவளுக்கு, அது நல்ல செய்தி என்று அப்போதுதான் உறைத்தது. குற்றம் தன்னுடையதுதான். இருக்கட்டுமே. தன்னுடைய வாயால் வந்த வினை என்றால், தன்னுடைய வாயாலேயே டொக்டரிடம் சொல்லித் தீர்த்துவிடலாமே. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இருபத்தாறு நாளுக்குப் பிறகு வந்த முதல் நல்ல அழுகை அது.

செல்வரட்ணம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கிளினிக்குக்கு எடுத்துச் சொல்லுறன். உள்ளை சிக்னல் இல்லை" என்று நிவேதனா முற்றத்துக்கு ஓடினாள். ஜெயதீபன் நிலைமையை விளங்கிக்கொண்டு, "அன்ரி, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று குசினிப் பக்கம் போனான்.

செல்வரட்ணம் இன்னொரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"இஞ்சேரும். அழாதையும்."

"நான்தான் மறைச்சனான். பென்ஷனியர் எண்டு சொன்னது நான்தானே."

"நீர் சொல்லேக்கை நானும் பக்கத்திலை கிடந்தனான்தானே. எனக்கென்ன வாய் இல்லையோ? சொன்னால் வேலையை விடு எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு நானும் பேசாமல் இருந்திட்டன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏன் இண்டைக்கு வந்தனீங்கள்? நாளைக்கு ஒப்பரேசனை வைச்சுக்கொண்டு?"

அவர் மேசையைக் காட்டினார். பெட்டியின் வயிறு திறந்து கிடந்தது. பச்சைப் பலகையில் நூறு சின்னச் சின்னச் சாமான்கள். "பத்து கப்பாசிற்றர் மாத்தினன், பிழை நிக்கேல்லை. எங்கடை அறை குளிர்ச்சி. இஞ்சை யன்னலாலை வெயில் நேரை விழுது. சூடேறினால் வேகம் பாயுது. ஈர்க்குக் குச்சியாலை ஒவ்வொரு சாமான்ரை காலாய்த் தட்டிப் பார்த்தன். ஒரு இடத்திலை ஈயம் மயிரிழையிலை வெடிச்சிருந்தது. பத்தவைச்சிட்டன். இனித் தட்டைப் போட்டுப் பூட்டிறதுதான் மிச்சம்."

"அதை வாற கிழமை செய்தால் ஆகாதோ?"

"நாளைக்கு மேசையிலை ஏத்தினால் திரும்பி இறங்குறனோ தெரியாது. அந்தப் பெடியன் சனிக்கிழமை லண்டனுக்குப் போறான். ஒருத்தன்ரை சாமானைப் பிரிச்சபடி விட்டிட்டுப் போக மனம் வரேல்லை."

பகிடி விடும் மனிதர் இப்படிக் கதைப்பதை அவள் கேட்டதில்லை. அவருக்கும் பயம். இவ்வளவு நாளும் தான் மட்டும்தான் பயந்து சாகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிற வீட்டில், பட்டப்பகலில், வேறொரு நாளாக இருந்தால் அதற்கே அவள் வெட்கப்பட்டிருப்பாள்.

"இனி என்ன பயம்? வெட்டத் தேவையில்லை எண்டு பிள்ளை சொல்லுதே."

அவர் முற்றத்தைப் பார்த்தார். நிவேதனா கையை ஆட்டி ஆட்டிப் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"உமக்கு ஒண்டு சொல்லவேணும். பிள்ளை வாறதுக்கு முன்னம்."

"என்ன?"

"காந்தத்தை நான் முதலே கண்டுபிடிச்சிட்டன்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாந்தரம் தலை சுத்தேக்கை தட்டு நெஞ்சோடை இருந்தது. எனக்குச் சந்தேகம். அடுத்த சனிக்கிழமை கதவைச் சாத்திப்போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு கையாலை நாடியைப் பிடிச்சன். தட்டிலை நெஞ்சைச் சாய்ச்சன். எழுபதிலை இருந்த நாடி எண்பத்தைஞ்சுக்கு ஏறி, ஒரு பிசகில்லாமல் அடிச்சுது. விலகினவுடனை பழையபடி."

"கடவுளே! தனியவோ செய்து பார்த்தனீங்கள்?"

"அண்டையிலையிருந்து அதை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டு போறதே இல்லை. கையை நீட்டித்தான் தூக்கிறனான். இப்பவும் கண்டனீர்தானே."

"கண்டனான். அதுதான் நல்லதாய்ப் போச்சே. பிறகேன் முகத்தை உப்பிடி வைச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

அவர் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை.

"அந்தச் சனிக்கிழமை போய் இண்டைக்குப் பதினொரு நாள், தவம். நான் முற்றத்திலை விழுந்து அஞ்சு நாள்."

தவமலர் விரல்விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் விழுந்தபோது காந்தம் அவருக்குக் கிட்டவே வரவில்லை.

"அப்ப... வயர்தானோ?"

"வயர்தான் போலை கிடக்குது. விட்டு விட்டு வாற பிழைதான் பொல்லாதது. பார்க்கேக்கை சரியாய் இருக்கும். உம்மடை முகத்தைப் பார்த்தனான். இத்தனை நாளைக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதுதான் உடனை வாய் வரேல்லை."

அவளுக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொண்டு கதறவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழும்பினாள். கிளினிக்குக்குச் சொல்ல வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டும். நாளைக்குப் போகத்தான் வேண்டும்.

நிவேதனா அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் சரி அம்மா! மிஸ்ஸிக்கு விளங்கப்படுத்திச் சொன்னன். அவா உள்ளை போய் டொக்டரைக் கேட்டுக்கொண்டு வந்தவா. காந்தத்தாலைதான் எண்டால் அவசரம் இல்லையாம், உதைத் தொடாமல் இருந்து பார்த்திட்டு வாற கிழமை கிளினிக்குக்கு வரச் சொன்னவை. நாளைய இடத்தைக் கிளிநொச்சியிலை இருந்து வந்து காத்துக் கிடக்கிற ஒரு ஐயாவுக்குக் குடுத்திட்டினம். பாவம், அந்தாளும் சந்தோசப்படும்."

"பிள்ளை, திருப்பி எடு" என்றாள் தவமலர். "உடனை திருப்பி எடு. நாங்கள் நாளைக்கு வாறம் எண்டு சொல்லு."

"ஏனம்மா?"

அவருடைய கையைத் தவமலர் இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். அந்தக் கை அவளைப் பிடித்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். செல்வரட்ணம் கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தார்.